அசல் எங்கே இருக்கிறது?

2008-ஆம் ஆண்டு ஆவணி மாதம். திருப்புட்குழியில் என் மனைவியின் பூர்வீக வீட்டுத் தாழ்வாரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையின் நடுவே ஒரு சிறிய பெட்டி வந்து நின்றது. "விண்டோஸ் சரியாக இயங்கத் தேவையான கோப்புகள், அடையாளம் தெரியாத வேறு கோப்புகளால் மாற்றப்பட்டுள்ளன. அசலைத் திரும்ப வைக்க, உங்கள் விண்டோஸ் சி.டி.யை இப்போது போடவும்" என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

என்னிடம் சி.டி. இல்லை. பணி ஓய்வுப் பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கியபோது கடையில் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், ஏதாவதுன்னா நாங்க வந்து பார்த்துக்கறோம்" என்றார்கள். நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான் நடந்திருக்கும். அந்தப் பெட்டி எதற்காக வந்தது என்று எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று. புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

விண்டோஸ் 95, 98 காலத்தில் கம்ப்யூட்டரின் உள்ளறைக்குக் காவல் கிடையாது. பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகள் உண்டு, 'டிஎல்எல்' என்பார்கள். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவினால், அது தன் கையோடு கொண்டுவந்த பழைய டிஎல்எல்லை, ஏற்கெனவே இருந்த புதியதன் மேலேயே எழுதிவிட்டுப் போகும். புதியவர் நன்றாக வேலை செய்வார். நேற்றுவரை ஓடிய இன்னொன்று நின்றுபோகும். இதற்கு 'டிஎல்எல் நரகம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000-இல் இதற்கு ஒரு காவல் போட்டார்கள். 2001-இல் வந்த எக்ஸ்பியிலும் அது இருந்தது. முக்கியமான கோப்புகளின் இன்னொரு பிரதியை 'டிஎல்எல்கேஷ்' என்ற மறைவான அறையில் வைத்தார்கள். முதல் கோப்பை யாராவது மாற்றினால், காவல் உடனே அதன் முத்திரையைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் மறைவறையிலிருந்து அசலை எடுத்துச் சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்துவிடும். மறைவறையிலும் சரியான பிரதி இல்லையென்றால்தான் நம்மிடம் வந்து சி.டி. கேட்கும். அதாவது முதல் பிரதி, இரண்டாம் பிரதி, வெளியே பத்திரமாக ஒரு மூன்றாம் பிரதி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல. நான் படித்தது பிரெஞ்சு வழியில். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரியும் என்பதாலேயே, காரைக்காலில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைப் பார்க்கும் 'எத்தா சிவில்' பிரிவில் என்னைப் பல ஆண்டுகள் உட்கார வைத்தார்கள். நெப்போலியன் காலத்து 1804-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம், இந்தப் பதிவேடுகளை இரண்டு படிகளாக எழுதச் சொல்கிறது. வருட முடிவில் இரண்டையும் மூடி, ஒன்றை ஊராட்சியிடமும் மற்றதை நீதிமன்றக் காப்பறையிலும் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்பதுதான் சூட்சுமம்.

குடியேற்ற நாடுகளுக்கு இதுவும் போதாது என்று அதற்கும் முன்பே நினைத்திருக்கிறார்கள். 1776 ஜூன் மாதம் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆணை போட்டார். கடல் கடந்த ஊர்களின் பதிவேடுகளுக்கு இன்னொரு படி எழுதி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டம் ஆக்கியதை நினைத்தால், அந்த எச்சரிக்கை வீணல்ல என்று தெரியும். அப்படிச் சேர்ந்த காகிதங்கள் இன்று பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அந்த வருடம் பங்குனி முதல் வைகாசி வரை அம்மா எங்களோடு இருந்தார். எண்பத்து நான்கு வயது. தினமும் காலைக் காபிக்குப் பிறகு பழைய கதை சொல்வார்: பிரெஞ்சுக்காரர் காலத்துக் காரைக்கால், யுத்த நாளில் அரிசிக்கு நின்றது, 1954 நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியபோது தெருவில் யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்பதெல்லாம். நான் பேப்பரில் குறித்துக்கொண்டு மாலையில் தட்டச்சு செய்வேன். அறுபத்து நான்கு பக்கம் ஆயிற்று. ஆனியில் அம்மா போய்விட்டார்.

அந்தப் பக்கங்களை யூனிகோடு தமிழுக்கு மாற்றிப் பிரான்சில் இருக்கும் அண்ணன் மகனுக்கு அனுப்ப நினைத்தேன். ஆனால் என் எக்ஸ்பியில் தமிழ் சிதறித் தெரிந்தது. கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. அதைச் சரிசெய்ய 'ரீஜினல்' அமைப்பில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும். ஆனால் அதற்கும் அது சி.டி. கேட்டது. தெரிந்த பையன் ஒருவன் குறுக்குவழி சொன்னான். இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டும் 'யூனிஸ்கிரைப்' என்ற கோப்பின் புதிய பதிப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்தான். "முதல்ல மறைவறையில இருக்கறதை மாத்தணும் சார். அப்புறம் வெளியில இருக்கறதை மாத்தணும். இல்லாட்டி அது பழசையே திரும்பக் கொண்டாந்து வச்சிடும்" என்றான். அவன் சொன்னபடியே செய்தேன். காவல் உடனே கண்டுபிடித்துவிட்டது. அப்போது வந்ததுதான் அந்தப் பெட்டி.

யோசித்துப் பாருங்கள். நீதிமன்றப் படியை முதலில் திருத்திவிட்டுப் பிறகு ஊராட்சிப் படியைத் திருத்துவது யார் வேலை? போலிப் பிறப்புச் சான்று தயாரிப்பவன் வேலை. அப்படி வந்த ஆட்களைப் பிடித்துக் கொடுத்த நான், என் வீட்டில் அதையே செய்துவிட்டு, 'கேன்சல்' பொத்தானை அழுத்தினேன். "அடையாளம் தெரியாத கோப்புகளையே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, நிச்சயமா?" என்று மறுபடியும் கேட்டது. நிச்சயம் என்றேன்.

தமிழ் அழகாகத் தெரிந்தது. ஆனால் நாளடைவில் வேர்டு தானாக மூட ஆரம்பித்தது. தறி ஓட்டும் என் மைத்துனர் வந்து பார்த்தார். "மாமா, ஜக்கார்டுல ஒரு அட்டை மாறினா அந்த வரி மட்டுந்தான் கெடும். மேல கீழ சரியாத்தான் இருக்கும். எந்த அட்டைன்னு பாருங்க, மொத்தத்தையும் அவுக்காதீங்க" என்றார். லியோன் நகரத்து ஜக்கார் 1804 வாக்கில் கொண்டுவந்த துளை அட்டையைப் பார்த்துத்தான் பின்னாளில் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை வைக்க நினைத்தார் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதுதான் சரியான வைத்தியம். எந்தக் கோப்பு மாறியது என்ற குறிப்பு 'ஈவென்ட் வியூவர்' பட்டியலில் பெயரோடு இருந்திருக்கும். அசல் ஒன்றைத் தேடி அந்த ஒரு கோப்பைத் திரும்ப வைத்திருக்கலாம்.

நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "டேட்டா ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். டேட்டா என்றால் ஆபீஸ் புள்ளிவிவரம் என்பதுதான் என் மனதில் இருந்தது. இல்லை என்றேன். டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டார். அம்மா சொன்னதைக் குறித்த காகிதங்களை, தட்டச்சு முடிந்ததே என்று, ஏற்கெனவே பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தேன்.

வறுத்த பயறும் முளைக்கும் என்று மரகதவல்லித் தாயாரை நம்பிப் பெண்கள் வரும் ஊர் இது. என் டிஸ்க் முளைக்கவில்லை.

பிறகு காலம் மாறிவிட்டது. விஸ்டாவிலிருந்து இந்தக் கோப்புகளை நிர்வாகிகூடச் சுலபமாக மாற்ற முடியாது. அதற்கென்று உள்ளேயே ஒரு தனி அதிகாரி இருக்கிறார். சி.டி. கேட்கும் அந்தப் பெட்டியும் போய்விட்டது. விண்டோஸ் 8 முதல், உள்ளே இருக்கும் பிரதியும் கெட்டால் இன்டர்நெட் வழியாக அசலை வரவழைக்க முடிகிறது. வெர்சாய்ப் படி மாதிரிதான். இன்று விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து முதலில் 'டிஐஎஸ்எம்' கட்டளையால் உள்ளிருக்கும் படியைச் சரிசெய்து, அதன்பின் 'எஸ்எஃப்சி' கட்டளையால் மற்றவற்றைச் சோதிக்க வேண்டும். பிள்ளைகளிடம் இந்த வரிசையைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: "உங்கள் கோப்புகள் கெட்டுவிட்டன, இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று திரையில் வந்தால் அது விண்டோஸ் அல்ல, திருடன். போன் செய்யாதீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு வேலையாகக் காரைக்கால் போனபோது அம்மாவின் பிறப்புப் பதிவுக்குப் பிரதி வாங்கினேன். தேதி, நேரம், தாத்தாவின் தொழில், சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் பிரெஞ்சில் அப்படியே இருந்தன. அம்மா பிறந்ததை இரண்டு படி எழுதி வைத்தார்கள். அம்மா சொன்னதை நான் ஒரு படி மட்டும் வைத்திருந்தேன்.

நினைவில் இருப்பதை இப்போது மறுபடி எழுதுகிறேன். இதுவரை பத்தொன்பது பக்கம் தேறியிருக்கிறது. ஒரு படி கம்ப்யூட்டரில், ஒரு படி காகிதத்தில் பீரோவில். மூன்றாவது படி பென்டிரைவில், காரைக்காலில் என் தங்கை வீட்டில் இருக்கிறது.