மாறிலி மாறிய கதை

பெங்களூரில், மல்லேசுவரத்தை அடுத்து, மரங்கள் சூழ்ந்த வளாகத்தில் நிமிர்ந்து நிற்கும் சாம்பல் நிறக் கற்கட்டடத்தை அவ்வூர்த் தமிழன்பர் பலரும் கண்டிருப்பர். 1909-இல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகம் அது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கல்கத்தாவில் புகழெய்தி, 1933-இல் இங்கு வந்து சேர்ந்த சர் சி. வி. இராமன் இதன் பௌதிகத் துறையை உருவாக்கினார். 1939-இல் அத்துறைக்கு எதிர்பாராத இளைஞர் ஒருவர் வாய்த்தார். கேம்பிரிட்ஜிலிருந்து விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்த ஹோமி பாபா, உலகப் போர் மூண்டமையால் திரும்பிச் செல்ல இயலாமல் பெங்களூரில் தங்கினார்.

அவருக்கு அதற்கு முன்பே பெயர் தந்திருந்தது ஒரு கணக்கு. எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரானும் மோதினால் எந்தெந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்பதை, 1936-இல் வெளியான கட்டுரையில் அவர் வகுத்திருந்தார். அவ்விரண்டும் மோதி அழிந்து, மீண்டும் இணையாகத் தோன்றுவதையும் கணக்கில் சேர்த்ததே அதன் சிறப்பு. ‘பாபா சிதறல்’ என்றே உலகம் இன்றும் அதனை வழங்குகிறது.

அக்கணக்கில் ஓர் எண் வருகிறது. மின்னூட்டமுடைய துகள் ஒளியோடு எவ்வளவு வலுவாகப் பிணைகிறது என்பதைக் கூறும் அவ்வெண், ஏறத்தாழ 137-இல் ஒரு பங்கு. மாறிலி என்பது அதற்கு இட்ட பெயர். ஆனால் அது நோக்கும் தொலைவிற்கேற்ப மாறும் என்பதை 1954-இல் கெல்-மானும் லோவும் கணித முறையில் விளக்கினர். வெற்றிடம் வெறுமையன்று, துகள் இணைகள் அங்கே கணந்தோறும் தோன்றி மறைகின்றன. மார்கழி மூடுபனி விளக்கை மறைப்பது போல, அவை மின்னூட்டத்தைச் சூழ்ந்து மறைக்கின்றன. பனியைக் கடந்து நெருங்க நெருங்க ஒளி மிகுவதன்றோ? பிணைப்பும் அவ்வாறே வலுக்கிறது.

இதனைச் சோதிப்பது எங்ஙனம்? ஜெனீவாவை அடுத்து 27 கிலோமீட்டர்ச் சுரங்க வளையத்தில், 1989 முதல் 2000 வரை, எலெக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் மோதவிட்டனர். எத்தனை மோதல் நிகழ்ந்தது என்பதை அளக்க அங்கு அளவுகோலாக நின்றது பாபா சிதறலே. ‘ஓப்பல்’, ‘எல்-3’ என்னும் ஆய்வுக் குழுக்கள் அச்சிதறல் கோணத்துக்குக் கோணம் மாறுபடுவதை நுணுகி ஆராய்ந்தன. மாறாத எண்ணைக் கொண்ட கணக்கு அளவீட்டோடு பொருந்தவில்லை. மாறும் எண்ணே பொருந்திற்று. ‘இஸட்’ துகளின் ஆற்றலளவில் அவ்வெண் ஏறத்தாழ 128-இல் ஒரு பங்காகிறது.

அணுக்கருவைப் பிணைக்கும் வல்விசையிலோ இதற்கு நேர்மாறு: நெருங்க நெருங்கப் பிணைப்புத் தளர்கிறது. 1973-இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் கண்ட இவ்வுண்மைக்கு 2004-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இதிலிருந்து மற்றொரு வியப்பும் விளைகிறது. துகள்களுக்கு நிறையில்லை எனக் கொண்டால், பழைய சமன்பாடுகளில் பெரிது சிறிது என்ற பேதமே இல்லை. பிணைப்பு தொலைவோடு மாறும்போதோ, இயற்கைக்குத் தனி அளவுகோல் ஒன்று தானே பிறந்துவிடுகிறது. இதனை ‘சுவட்டுப் பிறழ்ச்சி’ எனலாம். புரோட்டானின் நிறையில் பெரும்பகுதி, எனவே நம் உடலின் நிறையிலும் பெரும்பகுதி, இவ்வாறு வந்ததே.

பாபா 1945-இல் இக்கழக வளாகத்திலேயே டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி, அவ்வாண்டே அதனுடன் பம்பாய்க்குச் சென்றார், 1966-இல் மறைந்தார். ஜெனீவாவின் அளவீட்டை அவர் காணவில்லை. கணக்குப் பிறந்த ஊர் ஒன்று. கணக்கர் தங்கிய ஊர் மற்றொன்று. பயன் விளைந்த ஊர் வேறொன்று. இன்று கைக்குப் பயன்படாத அறிவு வீண் என்பாருக்கு அறுபதாண்டு பொறுத்திருந்த இக்கணக்கே தக்க விடை.