பல் இம்பிளான்ட் கேப்: காப்பீட்டு ஆவணங்கள்

தாடை எலும்பில் பதித்த இம்பிளான்ட் திருகின்மேல் பொருத்தும் செராமிக் பல்லுக்குக் காப்பீட்டுத் தொகை கோரத் தேவைப்படும் பில்களும் மருத்துவப் பதிவுகளும். மருத்துவமனையில் சேராமல் செய்துகொள்ளும் பல் சிகிச்சையை இந்தியாவின் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. விபத்தில் பல் போயிருந்தால் ஓரளவு வழியுண்டு. ஆகவே, எடுத்துக்காட்டாக, காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் விபத்தில் பல் இழந்த தொழிலாளிக்கு, கேப்பின் பில்லைவிட விபத்து நடந்த நாளின் பதிவே முக்கியம். இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருபவருக்குத் தொழிற்சாலையின் விபத்துப் பதிவேடும், நிர்வாகம் அனுப்பும் விபத்து அறிக்கையும் அதற்குச் சான்று. ஒரு பல்லுக்கு இவ்வளவு எழுத்து வேலையா எனலாம். ஆனால் இம்பிளான்ட் எலும்போடு இணையப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும். கேப் அதன் பிறகே வரும். அதற்குள் காயத்துக்கும் சிகிச்சைக்கும் உள்ள தொடர்பை நிறுவக் காகிதம் மட்டுமே மிஞ்சும். பில்லில் பல் எண் (கீழ் வலது முதல் கடைவாய்ப்பல் எனில் 46), திருகுக்கும் ஜிர்கோனியா கேப்புக்கும் தனித்தனித் தொகை, உடன் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, இம்பிளான்டின் லாட் எண் ஸ்டிக்கர் ஆகியவை இருக்க வேண்டும்.