திசை மறைந்த எண்

மதுரைக்கு வடபால், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அழகர்கோவில். சித்திரைத் திருவிழாவில் அழகர் அங்கிருந்து வைகைக்கு எழுந்தருளி, பின்னர் மலைக்குத் திரும்புகிறார். வரும் வழியை +20 என்றும், திரும்பும் வழியை −20 என்றும் குறிப்போம். எதனை வர்க்கப்படுத்தினாலும் கிடைப்பது 400. அதன் வர்க்கமூலமாக நாம் கொள்வது 20. தொலைவு எஞ்சியது, திசை மறைந்தது. திசை நீங்கிய இவ்வளவே மட்டு மதிப்பு எனப்படும்.

குறை எண்ணுக்கு வர்க்கமூலம் உண்டா? எந்த வர்க்கமும் குறை எண் ஆகாதாதலின் இல்லை என்றார், 9ஆம் நூற்றாண்டின் மகாவீரர். அவர் இயற்றிய கணித சார சங்கிரகத்தைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் மொழிபெயர்த்துப் பதிப்பிக்க, 1912இல் சென்னை அரசாங்கம் வெளியிட்டது.

மூடிய அக்கதவை இத்தாலியர் திறந்தனர். −1இன் மூலம் கலந்த எண்களுக்குப் பொம்பெல்லி 1572இல் விதிகள் வகுத்தார். 1806இல் ஆர்கான் அவற்றைத் தளத்தின் புள்ளிகளாகக் காட்டினார். குளத்து நீரில் மலை தலைகீழாய்த் தோன்றுவதுபோல, மெய் அச்சுக்கு மறுபுறம் தோன்றும் புள்ளியே இணைக் கலப்பெண். இணை என்னும் பெயரை 1821இல் கோஷி வழங்கினார். மட்டு மதிப்புக்குரிய இரு செங்குத்துக் கோடுகளை 1841இல் வயர்ஸ்ட்ராஸ் கையாண்டார். −1இன் மூலத்தை i என்க. 3+4i, அதன் இணை 3−4i ஆகியவற்றின் பெருக்கற்பலன் 25. அதன் மூலமாகிய 5 மட்டு மதிப்பு.

இக்கணக்கை எழுத்துகளைக் கொண்டே செய்யவும் கணினி கற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1968இல் மாக்சிமா என்னும் நிரலின் பணி தொடங்கியது. அதன் வழித்தோன்றல் ஒன்று ஏறக்குறைய அதே ஒலியுடைய பெயருடன் இன்றும் வழங்குகிறது. இது, நாம் ஒன்றும் கூறாவிடில் ஒவ்வோர் எழுத்தையும் மெய்யெண்ணாகவே கொள்ளும். x வர்க்கத்தின் மூலத்தைக் கேட்டால் x இன் மட்டு மதிப்பை விடையாகத் தரும். Z இன் இணையைக் கேட்டால் z என்றே கூறிவிடும். மெய்யெண்ணுக்கு இவ்விடைகள் சரியே. ஆனால் அவ்வெழுத்து i ஆயின்? i வர்க்கம் −1. அதன் மூலம் i. மட்டு மதிப்போ 1. இணை −i. இரு விடைகளும் பிழையாயின!

குற்றம் பொறியினது அன்று. எழுத்து கலப்பெண்ணைக் குறிப்பதென முன்னரே அறிவிப்பது நம் கடமை. மகாவீரரின் கூற்றும் மெய்யெண்களின் உலகில் இன்றும் உண்மையே. எண் எவ்வுலகைச் சார்ந்தது என்று கேளாமல் விதியைக் கையாள்வோர், மனிதராயினும் பொறியாயினும், வழி தவறுவர். தேர்வுத் தாளில் x வர்க்கத்தின் மூலம் x என்று எழுதுமுன், அந்த x யாதென ஒருகணம் வினவுங்கள்.