தரீமுக்குச் சென்ற வாடகைப் பணம்

ஊர்ப் பள்ளிவாசல் கூரைக்கு, மதரஸாப் பிள்ளைகளின் பாடநூலுக்கு, ஏழைக் குமர்களின் திருமணத்திற்கு என்று பிறந்த மண்ணுக்குப் பணம் அனுப்பாத தமிழ் முஸ்லிம் குடும்பம் சிங்கப்பூரில் அரிது. பெரியவர்கள் அனுப்பினார்கள், நாமும் அனுப்புகிறோம். நம் பேரப்பிள்ளைகள் அனுப்புவார்களா என்பதே இன்று நம் வீடுகளில் எழும் கேள்வி. பொன்விழா காணும் இந்த வேளையில், இதே சிங்கப்பூரிலிருந்து கடல் கடந்து உதவிய ஓர் அரபுக் குடும்பத்தின் வரலாற்றை நினைவுகூர விரும்புகிறோம்.

அல்காஃப் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. பிடோக் ரிசர்வோர் சாலையிலும் அப்பர் சிராங்கூனிலும் அந்தப் பெயரில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ஜப்பானிய முறையில் ஏரியோடு அமைந்த அல்காஃப் தோட்டத்திற்குப் போய்வந்ததை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1909-இல் காலியர் கீயில் கட்டப்பட்ட அல்காஃப் ஆர்கேடு அக்காலத்தில் பெயர்பெற்ற வணிகக் கட்டடம்.

இக்குடும்பத்தாரின் பூர்வீகம் இன்றைய ஏமன் நாட்டிலுள்ள ஹள்ரமவ்த். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூர் வந்து, ஜாவா தீவோடு வாசனைப் பொருள், சர்க்கரை வணிகம் செய்தார்கள். லாபத்தை நிலத்திலும் கட்டடத்திலும் போட்டார்கள். அந்தச் சொத்துகளிலிருந்து வந்த வாடகைதான் பின்னாளில் ஹள்ரமவ்த்தின் தரீம் நகரை வாழவைத்தது.

தரீமோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களில் ஓதப்படும் ஹத்தாத் ராத்திபைத் தொகுத்தளித்த இமாம் அப்துல்லாஹ் பின் அலவி அல்ஹத்தாத் அவர்கள் வாழ்ந்து 1720-இல் மறைந்த ஊர் அது. கல்விக்கும் ஞானத்திற்கும் பெயர்பெற்ற அந்தப் பள்ளத்தாக்கில் மழை குறைவு, விளைச்சலும் குறைவு. அதனால் ஆண்கள் சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும் ஹைதராபாத்துக்கும் பிழைக்கச் சென்றார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊர் நடந்தது.

இக்குடும்பத்தில் சிங்கப்பூரில் பிறந்து, ஹள்ரமவ்த்துக்குத் திரும்பி அங்கேயே வாழ்ந்தவர் செய்யிது அபூபக்ர் பின் ஷைகு அல்காஃப் அவர்கள். இங்கிருந்து போன வருமானத்தைத் தம் மாளிகைக்கு மட்டும் செலவிட்டிருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. கல்விக்கும் மருத்துவத்திற்கும் அவர் வாரி வழங்கினார். ஆனால் அவரை வரலாற்றில் நிறுத்தியவை ஒரு சாலையும் ஒரு சமாதானமும்.

அந்நாளில் தரீமிலிருந்து கடற்கரைக்குப் போக ஒட்டகம்தான் வழி. மலை ஏறி இறங்கப் பல நாள் ஆகும். முதன்முதலில் தரீமுக்கு வந்த மோட்டார் வண்டிகளே பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, ஒட்டக முதுகில் ஏறித்தான் வந்தன! அந்த மலைப்பாதையில் ஷிஹ்ர் துறைமுகம் வரை வண்டி ஓடும் சாலையைத் தம் சொந்தப் பணத்தில் போட்டார் செய்யிது அபூபக்ர். எல்லோரும் அதை வரவேற்கவில்லை. ஒட்டகச் சுமைக்கூலியில் பிழைத்த குலத்தார் தங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று எதிர்த்தார்கள். அவர்களோடு பேசி, பணமும் கொடுத்து இணங்கவைத்தே வேலை நடந்தது. நல்ல பணியானாலும் அதனால் நட்டப்படுவோர் உண்டு என்பதை நாமும் மறந்துவிடக்கூடாது.

சாலையைவிடப் பெரிய பணி சமாதானம். அங்கே குலங்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக இரத்தப் பகை. எதிரிக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே வராமல் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்தவர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஹெரால்டு இங்க்ராம்ஸும் செய்யிது அபூபக்ரும் சேர்ந்து குலத்தலைவர்களிடம் பேசினார்கள். 1937-இல் 1,300-க்கும் மேற்பட்ட தலைவர்கள் மூன்றாண்டுப் போர்நிறுத்தத்திற்கு ஒப்பமிட்டார்கள். பிறகு அது மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. சரித்திரம் அதை இங்க்ராம்ஸ் சமாதானம் என்று அழைக்கிறது. ஆனால் வழக்குகளைத் தீர்க்கவும் பகையை ஆற்றவும் செலவான பணத்தில் பெரும்பங்கு சிங்கப்பூர் வாடகையிலிருந்து போனது.

அதன் பிறகு வந்தது சோதனை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஜாவாவும் அடுத்த மாதமே வீழ்ந்தது. ஹள்ரமவ்த்துக்குப் பணம் போவது நின்றுவிட்டது. மழையும் பொய்க்கவே, 1943-44இல் பெரும் பஞ்சம் வந்தது, மக்கள் மடிந்தார்கள். பிரிட்டிஷ் விமானங்களில் தானியம் கொண்டுபோய் இறக்க வேண்டிய நிலை. நம் பெரியவர்கள் இங்கே மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் காத்த அதே காலத்தில், இங்கிருந்து வரும் பணத்தை நம்பியிருந்தவர்கள் அங்கே பட்டினி கிடந்தார்கள்.

போர் முடிந்தும் பழைய நிலை திரும்பவில்லை. 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்திய அளவிலேயே நிறுத்திவைத்தது. குடியிருப்போருக்கு அது நிம்மதி. வாடகை வருமானத்தை நம்பிய அறப்பணிகளுக்கு அது பெரும் இடி. செய்யிது அபூபக்ருக்கு 1954-இல் ஏடனில் எலிசபெத் ராணியார் சர் பட்டம் அளித்துச் சிறப்பித்தார். ஆனால் குடும்பச் செல்வத்தில் பெரும்பகுதி அதற்குள் அறத்திலேயே கரைந்துவிட்டது. 1965-இல் அவர் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? அனுப்பும் பணம் ஒருநாள் நிற்கலாம். போரால் நிற்கலாம், சட்டத்தால் நிற்கலாம்; அனுப்புகிறவரின் பிள்ளைகளுக்கு ஊர் மறந்துபோவதாலும் நிற்கலாம். அன்றாடச் சோற்றுக்குப் போன பணம் நின்றதும் பஞ்சம் வந்தது. சாலைக்கும் சமாதானத்திற்கும் போன பணமோ, கொடுத்தவர் கை வெறுமையான பிறகும் பயன் தந்தது. ஸதகத்துல் ஜாரியா என்று நம் மார்க்கம் சொல்வதன் பொருள் இதுதானே!

ஆகவே மாதாமாதம் பசிக்கு உதவுவதை நாம் விட்டுவிட வேண்டாம். அதோடு ஊரில் தன் காலில் நிற்கக்கூடிய ஒன்றையும் ஒவ்வொரு குடும்பமும் ஏற்படுத்தட்டும். ஒரு பிள்ளையின் படிப்போ, ஒரு கிணறோ, பிரிந்து நிற்கும் இரு வீட்டாரைச் சேர்த்துவைப்பதோ, எதுவாயினும் சரி. அடுத்தமுறை ஊர் போகும்போது பேரப்பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப்போய் அதைக் காட்டுவோம்.

நமக்கு முன் வழிகாட்டிச் சென்ற அந்த நன்மக்களின் அறங்களையும், நம் சங்க முன்னோர்களின் அறங்களையும் வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.