கைர் மும்கின் பஹாட்: ஆரவல்லிக் குன்றுகளில் கட்டடத் தடையும் வருவாய்ச் சொற்களும்

குன்றுச் சரிவிலும் முகட்டிலும் கட்டடம் எழுப்புவது பற்றிய விதிகள் பெரும்பாலும் அளவுகளைக் கொண்டே பேசும்: சரிவின் பாகை, கட்டடத்தின் உயரம், தளங்களின் எண்ணிக்கை. நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1992 மே 7 அன்று ஆரவல்லிப் பகுதி குறித்து வெளியிட்ட அறிவிக்கை இவ்வழக்கிற்கு விலக்கானது. அரியானாவின் குர்கான் மாவட்டத்திலும் இராசத்தானின் ஆல்வார் மாவட்டத்திலும், காப்புக்காடு முதலியவற்றோடு, நிலப் பதிவேட்டில் ஐந்து தலைப்புகளுள் ஒன்றன்கீழ் வரும் நிலங்களில் குடியிருப்புத் தொகுதி, பண்ணை வீடு, கொட்டகை முதலியன முன் அனுமதியின்றி எழலாகாது என அது விதித்தது. கைர் மும்கின் பஹாட், கைர் மும்கின் ராடா, கைர் மும்கின் பீஹட், பஞ்சட் பீட், ரூந்த் என்பன அத்தலைப்புகள். சரிவு எத்தனை பாகை என்று அறிவிக்கை கேட்கவில்லை. பட்வாரி என்ன எழுதியிருக்கிறார் என்பதையே கேட்டது.

‘கைர்’, ‘மும்கின்’ இரண்டும் அரபு மூலத்தன. பாரசீக ஆட்சிமொழி வழியாக வட இந்திய வருவாய் வழக்கில் நிலைபெற்றவை. முன்னது எதிர்மறை, பின்னது ‘இயலக்கூடியது’. ‘பஹாட்’ இந்தியில் மலை. எனவே சொல்லுக்குச் சொல் ‘இயலாத மலை’ என்றாகும். இயலாதது யாது? சாகுபடி. வரி விதிக்க வழியற்ற நிலத்தைத் தனியே பிரித்துக்காட்டவே இத்தொடர் தோன்றியது. பாதை, குளம், சுடுகாடு ஆகியவற்றுக்கும் இதே அடை உண்டு. ஊர்க் குடியிருப்பு நிலமும் ‘கைர் மும்கின் ஆபாதி’ என்றே பதியப்படுகிறது என்பது இங்கு நோக்கத்தக்கது. வீடு நிற்கும் மனைக்கும் வீடு கூடாத குன்றுக்கும் அடைமொழி ஒன்றே. தடையின் பொருளைத் தாங்குவது ‘பஹாட்’ என்னும் தலைச்சொல் மட்டுமே. வரிக்கணக்கில் பயனற்றது எனத் தள்ளப்பட்ட நிலம், அத்தள்ளுதலாலேயே காக்கப்படும் நிலமாயிற்று.

ஆங்கில அறிவிக்கையில் இச்சொற்கள் ரோமன் எழுத்தில் உள்ளன. ‘பஹாட்’ என்பதன் ஈற்று நாவளை வருடொலியை அவ்வெழுத்து காட்டுவதில்லை. பொழுதின் கூறாகிய ‘பஹர்’ என்பதையும் அதே எழுத்துகளால் எழுதுவர். பதிவேட்டைப் பாராது அறிவிக்கையை மட்டும் மொழிபெயர்ப்பவர் இதில் இடறக்கூடும்.

அறிவிக்கை நாளில் உள்ளபடியான பதிவுகளே கணக்கு என்னும் நிபந்தனை மற்றொரு கூறு. மொழியியலார் கூறும் ஒருகால வெட்டினை இது ஒக்கும்: பின்னர் பதிவு திருத்தப்பட்டாலும் 1992-ஆம் ஆண்டின் பொருளே செல்லும். அதே குன்றின் மறுசரிவு அந்நாளில் வேறு தலைப்பில் இருந்திருந்தால் இத்தலைப்புகள் அதனைத் தொடா. ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். ஃபரிதாபாத் 1979-இலேயே குர்கானிலிருந்து பிரிந்த மாவட்டம். ஆகவே குன்றுத்தொடர் அறாது சென்றாலும் அறிவிக்கை மாவட்ட எல்லையில் நின்றுவிட்டது. அங்குத் துணையானது 1900-ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம். சிவாலிக் அடிவாரத்தில் மண்ணை அரித்த ‘சோ’ எனப்படும் காட்டாறுகளுக்காக இயற்றப்பட்ட அச்சட்டத்தைக்கொண்டு, உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 11 அன்று ஃபரிதாபாத் குன்றுப்பகுதிக் குடியிருப்பு ஒன்றை இடிக்க ஆணையிட்டது.

தமிழாக்கத்தில் சிக்கல் வேறு வகையது. ‘மலைப் புறம்போக்கு’ என்பது கைக்கு எளிதாக வரும் சொல், படிக்கவும் இயல்பானது. ஆயினும் அது பிழை. புறம்போக்கு என்றதும் தமிழ் வாசகர் அரசு நிலம் அல்லது ஊர்ப்பொது நிலம் எனக் கொள்வர். அங்கு எழும் வீடு ஆக்கிரமிப்பு. அரியானாவிலோ கைர் மும்கின் பஹாட் தனியார் உடைமையாகவும் உள்ளது. அங்கு வழக்கு உரிமை பற்றியதன்று, பயன்பாடு பற்றியது. தன் பெயரில் பத்திரம் வைத்திருப்பவரைத் தமிழாக்கம் ஆக்கிரமிப்பாளர் ஆக்கிவிடும். ‘தரிசு’ என்பதும் பொருந்தாது. அது ‘பஞ்சர்’ என்பதற்கு நிகர். மூலத்தொடரைத் தமிழ் எழுத்தில் வைத்து, ‘சாகுபடிக்கு ஆகாத மலை நிலம்’ என விளக்கந்தருவதே தக்கது. சற்று நீளந்தான், சட்டத் தமிழில் நீளம் குற்றமன்று.

சொல்லை விடுத்து அளவை நாடிய முயற்சிகளும் உண்டு. 2005-இல் ஒப்புதல் பெற்ற தேசியத் தலைநகர் வட்டாரத் திட்டம் ஆரவல்லி முகட்டை இயற்கைப் பாதுகாப்பு மண்டலத்தில் சேர்த்து, கட்டுமானத்தைப் பரப்பில் 0.5 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. விழுக்காடு தெளிவு, ஆரவல்லி எது என்பதே வழக்காயிற்று. சுரங்கம் தொடர்பான வழக்கில், சுற்றுநிலத்திற்கு மேல் 100 மீட்டரோ அதற்கு மிகுதியாகவோ உயர்ந்ததே ஆரவல்லிக் குன்று, 500 மீட்டருக்குள் அமைந்த இரண்டு முதலான குன்றுகளே தொடர் என்னும் வரையறையை உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 20 அன்று ஏற்றது. தாழ்ந்த குன்றுகள் விடுபடும் என எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 29 அன்று நீதிமன்றமே அவ்வாணையை நிறுத்திவைத்து, 500 மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளிகளின் நிலை என்ன என்பது உள்ளிட்ட வினாக்களை எழுப்பியது.