பழைய அச்சுப்பொறியும் புதிய திறன்பேசியும் – ஒரு வரலாற்று நோக்கு

வீடொன்றில் பல்லாண்டுகளாக உழைத்துவரும் அச்சுப்பொறி, அருகிலுள்ள மேசைக் கணினி அனுப்பும் பக்கத்தைக் குறைவின்றி அச்சிட்டுத் தருகின்றது. அதே பக்கத்தைத் தன் திரையிலே காட்டும் திறன்பேசியால் அதனை அச்சிட முடிவதில்லை. இரண்டையும் இணைக்கும் கம்பி இல்லாமையே இதற்குக் காரணமெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்து முற்றிலும் பொருந்துவதன்று. பழைய அச்சுப்பொறியைக் கம்பியில்லா வலையமைப்பில் இணைத்த பின்னரும் திறன்பேசி அதனோடு உறவாட இயலாது நிற்பதுண்டு. இடையே நிற்பது தூரமன்று, மொழியே. அச்சுப்பொறியின் மொழி எவர் கையில் இருந்தது, எவ்வாறு கைமாறியது என்பதை ஆராயுமிடத்து இச்சிக்கலின் வேர் புலனாகும்.

செறொக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கரி ஸ்ரார்க்வெதர் 1971ஆம் ஆண்டளவில் லேசர் அச்சுப்பொறியை உருவாக்கினார். 1977இல் அந்நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி சந்தைக்கு வந்தது. ஆயினும் அது பெரு நிறுவனங்களுக்கே உரியதாயிருந்தது. 1984இல் ஹியூலெற்-பக்காட் நிறுவனம் வெளியிட்ட லேசர்ஜெற்றே அதனைச் சிறு அலுவலகங்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே அடோபி நிறுவனத்தின் போஸ்ற்ஸ்கிறிப்ற் என்னும் பக்க விவரிப்பு மொழியும் தோன்றியது. எழுத்தும் கோடும் படமும் தாளில் எவ்விடத்தில் அமையவேண்டும் என்பதைச் சொல்லும் மொழி அது. 1985இல் வெளிவந்த அப்பிள் லேசர்றைற்றர் அம்மொழியை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் பெற்றிருந்தது. அதனுள் இருந்த செயலி, அதற்குக் கட்டளையிட்ட மக்கின்ரோஷ் கணினியின் செயலியிலும் வேகமானது என்பது குறிப்பிடத்தக்கது. அத்தகைய ஆற்றலுக்கு விலையும் அதிகமாயிற்று. அது 6,995 டொலருக்கு விற்கப்பட்டது.

இவ்விலையே பிற்கால மாற்றத்துக்கு வித்திட்டது எனலாம். 1990களில் வீடுகளை நோக்கிச் சந்தை விரிந்தபோது, உற்பத்தியாளர் பலர் அச்சுப்பொறியின் உள்ளிருந்த அறிவைக் குறைத்தனர். பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலை கணினிக்கு மாற்றப்பட்டது. அச்சுப்பொறி, தனக்கு மட்டுமே உரிய சங்கேதத்தில் வந்த புள்ளிகளைத் தாளிற் பதிக்கும் கருவியாக எஞ்சியது. இரண்டிற்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாய் நின்றது ‘இயக்கி’ எனப்படும் மென்பொருள். விலை குறைந்தது, வீடுதோறும் அச்சுப்பொறி வந்தது. எனினும், அதன் ஆயுள் இயக்கியின் ஆயுளோடு பிணைக்கப்பட்டது.

இப்பிணைப்பின் ஆபத்தை முன்னரே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. 1980ஆம் ஆண்டளவில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய றிச்சாட் ஸ்ரோல்மன், தாள் சிக்கும்போது பயனாளருக்கு அறிவிக்கும் வசதியைப் பழைய அச்சுப்பொறியின் மென்பொருளிற் சேர்த்திருந்தார். புதிய லேசர் அச்சுப்பொறிக்கும் அதனைச் செய்ய முனைந்தபோது, அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் கட்டற்ற மென்பொருள் முயற்சியைத் தொடங்குவதற்கு இவ்வனுபவமும் ஒரு தூண்டுதலாயிற்று.

பொது மொழி ஒன்றை அமைக்கும் முயற்சியும் இன்னொரு புறம் நடைபெற்றது. 1999இல் இணைய அச்சு நெறிமுறையின் முதற் பதிப்பு வெளியாயிற்று. வலையமைப்பிலுள்ள எந்தக் கருவியும் அச்சுப்பொறியிடம் அதன் திறன்களைக் கேட்டறிந்து பணியை ஒப்படைப்பதற்கு இது வழிவகுத்தது. அதே காலத்தில் மைக்கல் சுவீற் என்பவர் இந்நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டு ‘கப்ஸ்’ என்னும் அச்சு மென்பொருளை யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கென உருவாக்கினார். அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தது. 2002இல் அப்பிள் நிறுவனம் அதனைத் தன் கணினிகளிற் சேர்த்துக்கொண்டது.

2007இல் ஐபோன் வந்தபோது அதில் அச்சிடும் வசதி இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான இயக்கிகளைக் கைக்குள் அடங்கும் கருவியொன்றிற் சுமத்துதல் நடைமுறைக்கு ஒவ்வாதது. எனவே 2010 நவம்பரில் வெளியான எயர்பிறின்ற் முறை சுமையை இடம் மாற்றியது. இயக்கி வேண்டியதில்லை, அச்சுப்பொறியே வலையமைப்பில் தன்னை அறிவித்துப் பொது மொழியில் உரையாடவேண்டும் என்பது அதன் நியதி. தொடக்கத்தில் இதற்கு இயைந்தவை ஹியூலெற்-பக்காட்டின் சில புதிய அச்சுப்பொறிகள் மட்டுமே. 2013இல் அன்ரொயிட்டும் அச்சிடும் வசதியைப் பெற்றது. ஒரு காலத்திற் சிக்கனத்துக்காக அறிவு குறைக்கப்பட்ட பழைய பொறிகளோ, பழுதின்றி இருந்தும் ஊமையாயின.

இவ்வூமைக்கு வாய் கொடுக்க இரு பாலங்கள் அமைக்கப்பட்டன. முதலாவது, 2010இல் அறிவிக்கப்பட்ட கூகிள் கிளவுட் பிறின்ற். திறன்பேசி அனுப்பிய பக்கம் கூகிளின் சேவையகத்துக்குச் சென்று, அங்கிருந்து வீட்டுக் கணினியின் வழியாகப் பழைய அச்சுப்பொறியை அடைந்தது. வசதியானதே, ஆயினும் பாலத்தின் திறவுகோல் பிறர் கையில் இருந்தது. 2020 டிசெம்பர் 31ஆம் நாளோடு அச்சேவை நிறுத்தப்பட்டது. அதனையே நம்பியிருந்த பழைய அச்சுப்பொறிகள் மீண்டும் ஊமையாயின.

இரண்டாவது பாலம் வீட்டுக்குள்ளேயே அமைவது. அச்சுப்பொறி, கப்ஸ் இயங்கும் கணினியொன்றோடு கம்பியால் இணைக்கப்படுகின்றது. அக்கணினி, எயர்பிறின்ற் பொறி போன்று அதனை வலையமைப்பில் அறிவிக்கின்றது. திறன்பேசி பொது மொழியில் அனுப்பும் பக்கத்தை ஏற்று, பழைய பொறியின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கின்றது. 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியே இதற்குப் போதுமானது. குட்டன்பிறின்ற் முதலிய திறந்த இயக்கித் தொகுதிகளை உருவாக்கிய தன்னார்வலரின் உழைப்பே இங்கு மொழிபெயர்ப்பாளனாகின்றது. எனினும், எவரும் இயக்கி எழுதாத, உற்பத்தியாளரும் கைவிட்ட பொறிகளுக்கு இவ்வழியும் உதவாது.

இதுகாறும் கூறியவற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. பொறியொன்றை விலைகொடுத்து வாங்குவதனால் மட்டும் அது முற்றாக வாங்கியவருக்கு உரியதாகிவிடுவதில்லை. அதன் மொழி மறைக்கப்பட்டிருக்கும்வரை, அதன் ஆயுளை அதன் உருளைகளும் பற்சக்கரங்களும் தீர்மானிப்பதில்லை. வேறெங்கோ எடுக்கப்படும் முடிவொன்றே தீர்மானிக்கின்றது. எழுதி முடிந்தபின்னும் காக்கப்படும் இலக்கணமே ஒரு மொழியைத் தலைமுறைகள் கடந்து வாழவைக்கின்றது. பொறிகளின் மொழிக்கும் இது பொருந்தும்.