புல்வெட்டியிலிருந்து மரம் அறுக்கும் ரம்பம் வரை: கோ-கார்ட் எஞ்சினின் கதை

கோ-கார்ட் பிறந்த கதையே ஒரு எஞ்சின் போதாமல் போன கதைதான்.

1956, கலிஃபோர்னியா. இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்குக் கார்கள் செய்த கர்டிஸ் கிராஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஆர்ட் இங்கெல்ஸ். பகலெல்லாம் ராட்சத ரேஸ் கார்களோடு மல்லுக்கட்டிய மனுஷன், ஓய்வு நேரத்தில் இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து, முழங்காலை மடக்கி உட்காரும்படி ஒரு குட்டி வண்டி செய்தார். அதற்கு அவர் பிடித்த எஞ்சின், புல்வெட்டும் மெஷினுக்காக வெஸ்ட் பெண்ட் நிறுவனம் தயாரித்த டூ-ஸ்ட்ரோக். சக்தி சுமார் இரண்டரை குதிரைசக்தி. புல்வெட்டி வியாபாரம் படுத்துப்போய்த் தேங்கிக் கிடந்த சரக்கு, அதனால் மலிவு. (ஒருவருடைய நஷ்டக் கணக்கிலிருந்து இன்னொரு விளையாட்டே பிறந்திருக்கிறது!)

வண்டி ஓடியது. ஆனால் இங்கெல்ஸ் சுமார் 95 கிலோ எடை. மேடு வந்தால் எஞ்சின் திணறியது. நண்பர் லூ பொரெல்லிதான் அதில் கைவைத்து இன்னும் கொஞ்சம் சக்தியைக் கறந்தார். பசடேனாவில் ரோஸ் பௌல் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டிக் காட்டியபோது, பார்த்தவர்களுக்கெல்லாம் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்ற ஆசை தொற்றிக்கொண்டது. 1957-ல் டஃபி லிவிங்ஸ்டன், ராய் டெஸ்ப்ரோ, பில் ரௌல்ஸ் மூவரும் இதை ஒரு தொழிலாகவே தொடங்கிவிட்டார்கள்.

பந்தயம் என்று வந்துவிட்டால் இரண்டரை குதிரைசக்தி யாருக்குப் போதும்? அடுத்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை: மரம் அறுக்கும் ரம்பத்திலிருந்து! கையில் தூக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டிய மெஷின் என்பதால் அதன் எஞ்சின் எடை குறைவு, சுழற்சி வேகமோ அதிகம். கார்ட்டுக்கு வேறென்ன வேண்டும்? ரம்பம் செய்துகொண்டிருந்த மெக்கல்லக் நிறுவனம் 1959-ல் கார்ட்டுக்கென்றே எம்.சி.-10 எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. (அதன் முதலாளி ராபர்ட் மெக்கல்லக்தான் 1968-ல் பழைய லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி அரிசோனாவுக்குப் பெயர்த்துக்கொண்டு போனவர்.)

பழையதைக் கழற்றிப் புதியதை முடுக்கிவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. வேகமாகச் சுழலும் எஞ்சினுக்குப் பழைய பல்சக்கரக் கணக்கு ஒத்துவராது. பின் அச்சில் பெரிய சக்கரம் போடாவிட்டால் வண்டி கிளம்பவே முரண்டு பிடிக்கும். அடுத்தது பிரேக். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிற்பதற்கான தூரம் இரண்டே கால் மடங்கு ஆகும். எஞ்சின் வாங்கக் காசு எடுத்து வைக்கிறவர்கள் மறந்துபோவது இதைத்தான். இத்தனைக்கும் சக்தியை இரட்டிப்பாக்கினால் உச்ச வேகம் இரட்டிப்பாகாது. காற்றின் எதிர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் சுமார் 26 சதவீதம்தான் கூடும். மற்றதெல்லாம் இழுவையில்தான் தெரியும். இது புரிந்தும் ஆசை அடங்காத சிலர், ஒரே வண்டியில் இரண்டு மெக்கல்லக்கைப் பூட்டி ஓட்டினார்கள். கொள்ளளவை வைத்து வகுப்பு பிரித்தால்தான் போட்டி நியாயமாக இருக்கும் என்றானது. பின்னாளில் 100 சி.சி. என்பது சர்வதேசப் பந்தயங்களில் நெடுங்காலம் நிலைத்தது.

வீட்டில் கார்ட் செய்பவர்களுக்கு ஹோண்டாவின் ஜி.எக்ஸ். வரிசை வந்தபிறகு பாடு கொஞ்சம் குறைந்தது. ஜி.எக்ஸ்.160, ஜி.எக்ஸ்.200 இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 68 மி.மீ.தான். பிஸ்டன் ஓடும் தூரம் மட்டும் 45-லிருந்து 54 மி.மீ. ஆகிறது. போல்ட் துளைகளும் அப்படியே பொருந்தும். பேராசைப்பட்டு ஜி.எக்ஸ்.390 பக்கம் போனால்தான் வம்பு. அதன் தண்டு ஒரு அங்குலம். முக்கால் அங்குலத் தண்டுக்கு வாங்கிய பழைய கிளட்ச் அதில் ஏறாது, தாங்கு தகட்டிலும் புதிதாகத் துளை போட வேண்டும்.